கணுக்கால் மூட்டை இணைக்கும் அறுவை: ஸ்குரூவா, பிளேட்டா, நெயிலா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மகள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 58 வயது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சொந்த வயலில் நெல்லும், ஒரு பகுதியில் வாழையும் வைத்து விவசாயம் செய்கிறார். 9 ஆண்டுகளுக்கு முன் கால்வாய்க் கரையில் மோட்டார் சைக்கிள் சரிந்து விழுந்ததில் வலது கணுக்கால் இரு பக்கமும் முறிந்து, பிளேட்டும் ஸ்குரூக்களும் வைத்து அறுவை செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது; ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளாக மூட்டு தேய்ந்து, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைப்பதற்குள் அவர் முகம் சுருங்கிப்போகிறது. வரப்பில் நடக்கக் கம்பு இல்லாமல் முடிவதில்லை.

மூன்று இடங்களில் காட்டினோம். மூட்டை இணைத்து அசையாமல் செய்துவிடும் ஃபியூஷன் அறுவைதான் வழி என்பதில் மூவரும் ஒத்துப்போகிறார்கள். எதைக் கொண்டு இணைப்பது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். ஒருவர் மூன்று ஸ்குரூ போதும் என்கிறார். இன்னொருவர் முன்பக்கம் பிளேட் வைக்க வேண்டும் என்கிறார். மூன்றாவது இடத்தில், உள்ளங்காலின் வழியாகச் செலுத்தும் நீண்ட உலோகத் தண்டான வெளிநாட்டு நெயில்தான் உறுதியானது என்று ஒரு விலைப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். அதில் உலோகத்தின் விலை மட்டுமே மற்ற இரண்டு இடங்களின் மொத்தச் செலவை விட அதிகம். விலை கூடினால் கால் நன்றாக நிற்குமா? ஸ்டீல் நல்லதா, டைட்டானியம் நல்லதா? பிறகு கழற்ற வேண்டி வருமா? அப்பா கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "மறுபடி வயலுக்குள் இறங்க முடியுமா?" அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பாளையங்கோட்டை, ஓய்வு பெற்ற தியேட்டர் டெக்னீசியன்

தங்கச்சிக்கு வணக்கம். நான் மருத்துவன் அல்லன். 27 ஆண்டுகள் எலும்பு அறுவைத் தியேட்டரில் கருவிகளை எடுத்துக் கொடுத்தும், கழுவி ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கிருமிநீக்கப் பெட்டியில் வைத்தும் பழகியவன். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸ்குரூவோ பிளேட்டோ நெயிலோ மூட்டை ஒட்டுவதில்லை. எலும்புதான் எலும்போடு கூடுகிறது. அது கூடி முடிகிற மூன்று, நான்கு மாதம் வரைக்கும் இரண்டு எலும்புகளையும் நெருக்கிப் பிடித்து, அசையாமல் வைத்திருப்பதே உலோகத்தின் வேலை. ஆகவே எந்த உலோகம் என்ற கேள்விக்கு முன்னால், மூட்டுக்குள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும்.

கணுக்காலில் மேலே கீழ்க்காலின் பெரிய எலும்பு. அதன் அடியில் தாலஸ் என்ற எலும்பு. இரண்டின் முகத்திலும் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. தேய்ந்த மூட்டிலும் அங்கங்கே அது திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கும். அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் எத்தனை ஸ்குரூ போட்டாலும் எலும்பு கூடாது. இதற்கு முதலில் மூட்டை விரிக்க வேண்டும். லாமினார் ஸ்பிரெடர் என்று ஒரு கருவி உண்டு. இடுக்கி போலப் பிடி இருக்கும், பிடியை அமுக்கினால் முனை விரியும். இரண்டு எலும்பிலும் ஒவ்வொரு கம்பியைச் செலுத்தி, அந்தக் கம்பிகளைப் பிடித்து விரிக்கிற வகையும் உண்டு; அதில் மூட்டின் நடுப்பகுதி மறைக்கப்படாமல் கிடைக்கும். விரித்த பிறகு, க்யூரெட் என்கிற சிறு கரண்டி போன்ற கருவியாலும், ஆஸ்டியோடோம் என்கிற மெல்லிய உளியாலும் குருத்தெலும்பைச் சுரண்டுவார்கள். மூட்டின் பின் மூலையில்தான் மிச்சம் தங்கும்; அங்கே எட்டுவதற்கு வளைந்த க்யூரெட் வேண்டும். தட்டில் அது இல்லாத நாளில் பொறுமையுள்ள சர்ஜன் அறுவையைத் தொடங்கவே மாட்டார்.

குருத்தெலும்பு போனபின் தெரிகிற எலும்பு, தேய்ந்த கால்களில் தந்தம் போல இறுகிப் பளபளப்பாக இருக்கும். அதில் ரத்தம் ஊறாது. ரத்தம் ஊறாத எலும்பு ஒன்றோடொன்று சேராது. ஆகவே மெல்லிய டிரில்லால் நெருக்கமாகத் துளைகள் இடுவார்கள், அல்லது உளி முனையால் மீன் செதிள் போலக் கீறி நிமிர்த்துவார்கள். அந்தத் துளைகளில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய டூர்னிக்கே பட்டையைத் தளர்த்தினால் அது இன்னும் தெளிவாகத் தெரியும். டிரில்லோ ரம்பமோ சூடேறினால் எலும்பு செத்துவிடும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு பாதிக்கப்படும். அதனால்தான் டிரில் ஓடும்போது ஒருவர் சலைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும், மழுங்கிய டிரில் பிட்டைத் தூக்கிப்போட வேண்டும் என்பதும். கவனமுள்ள தியேட்டரில் பிட்டின் கூர்மையைப் பார்க்காமல் செட் கட்டுவதில்லை.

இனி ஸ்குரூ. கணுக்காலுக்கு வழக்கமாகப் போடுவது 6.5 அல்லது 7 மில்லிமீட்டர் அளவுள்ள, நடுவில் துளையுள்ள ஸ்குரூ. முதலில் மெல்லிய வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, தியேட்டரிலேயே உடனுக்குடன் படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் அது போகும் பாதையை இரு கோணங்களில் பார்த்துச் சரி என்றான பிறகு, அந்தக் கம்பியின் மேலேயே ஸ்குரூவைக் கோத்து இறக்குவார்கள். அந்த ஸ்குரூவில் முனைப்பகுதியில் மட்டுமே மரை இருக்கும். மரை முழுவதும் மூட்டுக் கோட்டைத் தாண்டி மறு எலும்புக்குள் போய்விட்டால், தலை இறுகும்போது இரண்டு எலும்பும் ஒன்றையொன்று நெருக்கும். மரையில் இரண்டு சுற்று இந்தப் பக்கத்து எலும்பில் நின்றுவிட்டாலோ, எவ்வளவு முறுக்கினாலும் இடைவெளி அப்படியே நிற்கும். ஸ்குரூவின் விலை இதைச் சரி செய்யாது. அளவுகோல் வைத்து நீளம் பார்க்கிறவரின் கண்தான் சரி செய்யும். எலும்பு மிருதுவாக இருந்தால் தலை உள்ளே புதையாமல் இருக்க வாஷர் வைப்பார்கள். இரண்டு அல்லது மூன்று ஸ்குரூ, வெவ்வேறு திசையில். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் கீழ்க்கால் எலும்பின் பின்புறமிருந்து தாலஸின் கழுத்துக்குள் இறங்கும். நீளமானது, பிடிப்பும் அதற்குத்தான் அதிகம்.

அப்பா விஷயத்தில் எனக்கு உள்ள கவலை வேறு. உள்ளே ஏற்கனவே 9 ஆண்டு பழைய பிளேட் இருக்கிறது. புதிய ஸ்குரூவின் பாதையில் அது குறுக்கிட்டால் கழற்ற வேண்டும். பழைய ஸ்குரூவின் தலைக்குழி அறுகோணமா, நட்சத்திர வடிவமா, எத்தனை மில்லிமீட்டர் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 2.5 மில்லிமீட்டர் அறுகோண ஸ்குரூடிரைவர். தலை பிளேட்டிலேயே இறுகும் லாக்கிங் வகையில் பலவற்றுக்கு நட்சத்திர முனை. பொருந்தாத முனையை வைத்து ஒருமுறை திருகினால் குழி வழுக்கிவிடும். அதன்பின் ஒரு ஸ்குரூவை எடுக்க எலும்பைச் சுற்றிக் குடைய வேண்டியதாகிவிடும். டைட்டானியம் லாக்கிங் ஸ்குரூ சில நேரம் பிளேட்டோடு ஒன்றாகிப்போய்த் தலையையே அரைத்தெடுக்க நேர்ந்ததும் உண்டு. ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும், அதில் ஒட்டிய, உலோகத்தின் வகையும் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கர்களையும் எப்படியாவது தேடி எடுங்கள்.

இன்னொன்று. பல ஊர்களில் இந்த உலோகங்களும் கருவிகளும் அடங்கிய செட்டுகள் மருத்துவமனையின் சொந்தப் பொருள் அல்ல. விற்பனையாளர் அறுவைக்காகக் கொண்டுவந்து, முடிந்ததும் எடுத்துப் போகிறார். அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து இறங்குகிற செட்டை முறையாகக் கழுவி, உலர்த்தி, முழுச் சுற்று ஆட்டோகிளேவ் செய்ய நேரமே கிடையாது. முந்தைய நாளே வருமா என்று தயங்காமல் கேளுங்கள்.

பதில் 2: கடையத்திலிருந்து ஓர் ஆசிரியர்

நான் 2018இல் இதே அறுவையைச் செய்துகொண்டவன். எனக்கு இடது கால். முதல் முறை கூடவில்லை. காரணத்தில் என் பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள். பள்ளி திறந்துவிட்டது என்று ஐந்தாவது வாரம் மாவுக்கட்டோடு வகுப்புக்குப் போனேன். பீடியையும் விடவில்லை. ஏழாவது மாதம் ஸ்கேனில் மூட்டுக் கோடு தெளிவாகத் தெரிந்தது. ஒரு ஸ்குரூ நடுவில் முறிந்திருந்தது. உலோகம் அசைவைத் தாங்கித் தாங்கி ஓய்ந்து முறிந்தது என்று அப்போதைய மருத்துவர் விளக்கினார்.

என் மனத்தாங்கல் இதுதான். முதல் அறுவை நடந்த மருத்துவமனையின் பில்லில் "இம்ப்ளாண்ட்" என்று ஒரே வரி, தொகை மட்டும். எந்த நிறுவனம், என்ன அளவு, எந்த பேட்ச் என்பது எங்குமே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை அறுவை செய்தவர், உள்ளே இருப்பது எந்த ஸ்குரூ என்று தெரியாமல் மூன்று விதமான ஸ்குரூடிரைவர் செட்டுகளை வரவழைக்க வேண்டியிருந்தது. முறிந்த பாதியை எடுக்க மட்டும் நெடுநேரம் பிடித்ததாகப் பின்னர் சொன்னார். இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து நிரப்பி, முன்பக்கம் பிளேட்டும் இரண்டு ஸ்குரூவும் வைத்தார். இம்முறை பீடியைத் தொடவில்லை. நான்காவது மாதம் கூடிவிட்டது.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், வலி இல்லை. அதுவே பெரிய விஷயம். சமதளத்தில் நடப்பவனைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் பாதத்தின் நடுவிலுள்ள சிறு மூட்டுகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கின்றன. ஆனால் குந்தி உட்கார முடியாது. வீட்டில் கழிப்பறையை மாற்றிக்கொண்டேன். அப்பாவுக்கும் அறுவைக்கு முன்பே மாற்றிவிடுங்கள், கட்டுப்போட்ட காலோடு பிறகு அலைய வேண்டாம். ஏற்றத்தில் ஏறுவது எளிது, இறக்கத்தில் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறேன். வெறுங்காலோடு நடப்பதை விட, அடிப்பாகம் முன்னால் வளைந்து உருளும் செருப்போடு நடப்பது மிக வசதி. அப்பாவுக்கு வலது கால் என்கிறீர்கள். மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் அந்தக் காலில்தான் இருக்கிறது. இரண்டு பிரேக்கும் கையில் உள்ள ஸ்கூட்டருக்கு மாறிக்கொள்வது நல்லது.

பதில் 3: தென்காசி, எலும்பு மருத்துவர்

எக்ஸ்ரேயைப் பார்க்காமல் இதுதான் சரி என்று நான் சொல்வது முறையாகாது. ஆனால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதன் பின்னணியை விளக்கலாம்.

எலும்பு உறுதியாகவும், கால் கோணாமலும், கணுக்கால் மூட்டு மட்டும் தேய்ந்தும் இருந்தால் ஸ்குரூ நன்றாகப் போதும். மூட்டுக்குள் பார்க்க உதவும் கேமராக் குழாயான ஆர்த்ரோஸ்கோப் வழியாகச் சிறு துளைகளில் குருத்தெலும்பை எடுத்து ஸ்குரூ போடவும் முடியும். எலும்பு மிருதுவாக இருந்தாலோ, கோணலைத் திருத்த வேண்டியிருந்தாலோ, முன்பு கூடாமல் போயிருந்தாலோ பிளேட் உதவும். லாக்கிங் பிளேட்டில் ஸ்குரூவின் தலை பிளேட்டிலேயே மரையிட்டு இறுகுவதால், எலும்பின் பிடிப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் கணுக்காலின் முன்புறம் தோல் மெல்லியது. புண் ஆறுவதில் கவனம் தேவை.

நெயிலைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உள்ளங்காலில் தொடங்கி, குதிகால் எலும்பையும் தாலஸையும் துளைத்துக் கீழ்க்கால் எலும்புக்குள் ஏறும் இந்த நெயில், கணுக்கால் மூட்டோடு அதன் அடியிலுள்ள சப்டேலர் மூட்டையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. இரண்டும் கெட்டிருந்தால், அல்லது நீரிழிவினால் உணர்வு போய் எலும்புகள் நொறுங்கிய பாதமாக இருந்தால், அது அருமையான சாதனம். சப்டேலர் மூட்டு நன்றாக இருக்கும் ஒருவருக்கு உறுதியைக் காரணம் காட்டி நெயில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். பாதம் உள்ளும் புறமும் சாய்வது அந்த மூட்டில்தான். வரப்பின் சரிவிலும் தொளியிலும் கால் வைக்கிற மனிதருக்கு எஞ்சியிருக்கப்போகும் செல்வம் அதுவே. எந்த மூட்டில் வலி என்பதில் ஐயம் இருந்தால், எக்ஸ்ரே பார்த்தபடி கணுக்காலுக்குள் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு நடக்கச் சொல்லிப் பார்க்கலாம். வலி முழுதும் அடங்கினால் குற்றவாளி கணுக்கால் மட்டுமே.

நிட்டினால் ஸ்டேப்பிள் பற்றியும் யாராவது சொல்வார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த அந்த உலோகம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் இயல்பால் எலும்புகளைத் தொடர்ந்து நெருக்கும்; பாதத்தின் நடுப்பகுதிச் சிறு மூட்டுகளுக்கு அது பொருத்தம். உள்ளே சீழ் பிடித்திருந்த காலுக்கோ வெளியே வளையங்களும் கம்பிகளும் கொண்ட இலிசரோவ் முறை. கணுக்காலை வெளியிலிருந்து நெருக்கி இணைக்கும் முறையை இங்கிலாந்தின் எலும்பு மருத்துவர் ஜான் சார்ன்லி 1951இலேயே எழுதியிருக்கிறார். அப்பாவின் பழைய காயத்தில் எப்போதாவது நீர் வடிந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எதைப் போட்டாலும் பாதம் நிற்கும் கோணம் தவறக் கூடாது. கீழ்க்காலுக்குப் பாதம் செங்கோணத்தில், குதிகால் சுமார் 5 பாகை வெளிப்பக்கம் சாய்ந்து, பாதம் 5 முதல் 10 பாகை வெளியே திரும்பி இருக்க வேண்டும். முன்பாதம் கீழ்நோக்கி நின்றபடி கூடிவிட்டால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சில ஆண்டுகளில் அதுவும் வலிக்கத் தொடங்கும்.

ஸ்டீல், டைட்டானியம் இரண்டிலும் எலும்பு நன்றாகக் கூடுகிறது. டைட்டானியக் கலவையின் விறைப்பு ஸ்டீலில் ஏறத்தாழப் பாதி, எம்.ஆர்.ஐ. படத்தில் அது குறைவாகவே மறைக்கும். கவரிங் நகையோ கடிகாரச் சங்கிலியோ பட்டால் தோல் தடித்து அரிக்கிறவர் என்றால், நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம் என்பதால் டைட்டானியம் நல்லது. மற்றபடி கூடிய பின் தொந்தரவு தராத உலோகத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

பொதுவாகப் பத்தில் ஒன்பது பேருக்குக் கூடிவிடுகிறது. புகை பிடிக்கிறவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் கூடாமல் போகும் வாய்ப்பு நன்றாகவே உயர்கிறது. பத்து, இருபது ஆண்டுகளில் அக்கம்பக்கத்து மூட்டுகள் கூடுதல் சுமையால் தேயக்கூடும் என்பதையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 4: நெல்லை ஜங்ஷன், மருந்தாளுநர்

விலை குறித்து மட்டும். 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் சட்டப்படி மருந்துகளாகவே கருதப்படுகின்றன. அதிகபட்ச சில்லறை விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஆனால் 2017 ஆகஸ்டில் வந்த விலை உச்சவரம்பு முழங்கால் மாற்று உபகரணங்களுக்கானது. அதைக் கணுக்கால் பிளேட்டுக்கும் பொருத்திப் பார்த்து வாதாட வேண்டாம். பட்டியலில் ஒவ்வொரு ஸ்குரூவின் பெயர், அளவு, எண்ணிக்கை, உறையில் அச்சிட்ட விலை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதி உண்டு. இந்த அறுவைக்கு என்ன கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேட்டவரின் பதில்: கல்லிடைக்குறிச்சியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைத் தாளில் எடுத்துக்கொண்டு முதலில் பார்த்த மருத்துவரிடமே போனோம். ஊசி போட்டு நடக்கச் சொன்னார். அப்பா அந்த வராந்தாவை நான்கு முறை கம்பு இல்லாமல் நடந்து திரும்பினார்; ஐந்தாவது முறையும் நடக்கக் கிளம்பியவரை நாங்கள்தான் உட்கார வைத்தோம். சப்டேலர் மூட்டு நன்றாக இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். மூன்று ஸ்குரூ, எலும்பு மிருதுவாக இருப்பது தெரிந்தால் மட்டும் வைக்க ஒரு பிளேட்டும் தயாராக இருக்கும்.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் இருந்தது. ஸ்டிக்கர்கள் மங்கிப்போனாலும் எண்களைப் படிக்க முடிந்தது. வெளிப்பக்கத்துப் பிளேட்டில் 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூக்கள், உட்பக்கத்தில் 4 மில்லிமீட்டர் இரண்டு, எல்லாம் ஸ்டீல். அதற்குரிய ஸ்குரூடிரைவர் செட் முந்தைய நாள் மதியமே வந்துவிடும் என்று தியேட்டரில் சொன்னார்கள்.

பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்ததும், பங்குனி இரண்டாம் வாரத்தில் நாள் குறித்திருக்கிறோம். கார் பருவ நடவை இந்த ஆண்டு அத்தான் பார்த்துக்கொள்வார். அப்பா பீடியை விட்டு இன்றோடு 11 நாள் ஆகிறது. கழிப்பறை வேலைக்குக் கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.